கொள்ளைநோயும் கல்லூரியின் கடமையும்
லூத்தரின் 1527ஆம் ஆண்டுக் கடிதம்: ஒரு திறனாய்வு

கொடிய கொள்ளைநோய்க்குத் தப்பி ஓடலாமா என்னும் வினாவுக்கு விடையாக மார்ட்டின் லூத்தர் 1527ஆம் ஆண்டில் வெளியிட்ட கடிதம், 2020ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் பல அருளுரைகளில் எடுத்தாளப்பட்டது. எடுத்தாண்டோர் பெரும்பாலும் அதன் ஒரு பகுதியையே சுட்டினர். மருந்து உட்கொள்ளுதல், வீட்டைத் தூய்மை செய்தல், தேவையில்லாத இடங்களையும் ஆட்களையும் தவிர்த்தல் ஆகியன பற்றி லூத்தர் கூறும் பகுதி அது. ஊரடங்குக்கு அது நல்ல சான்றாக அமைந்தது உண்மையே. ஆயினும் கடிதத்தின் நடுநாடி அங்கில்லை. யார் போகலாம், யார் போகலாகாது, போகிறவர் எதை விட்டுச் செல்ல வேண்டும் என்பதே லூத்தரின் முதன்மையான கேள்வி. இறையியற் கல்லூரிகள் தம் மாணவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தொலைவிலிருந்து கற்பிக்க முற்பட்ட அக்காலத்தைச் சீர்தூக்கிப் பார்க்க அக்கேள்வி எவ்வளவு உதவும், எங்கே உதவாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கடிதத்தின் சூழல்

பிரெஸ்லாவ் நகரின் சீர்திருத்தப் போதகர் யோகான் ஹெஸ் கேட்ட கேள்விக்கு மறுமொழியாக இக்கடிதம் எழுந்தது. லூத்தர் விடை எழுதி முடிக்குமுன் நோய் அவருடைய ஊருக்கே வந்து சேர்ந்தது. 1527 ஆகஸ்டு தொடக்கத்தில் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் தோன்றியது. தேர்வுரிமைக் கோமகன் யோவான், பல்கலைக்கழகத்தை யேனா நகருக்கு மாற்றியதோடு லூத்தரையும் அங்கே செல்லுமாறு பணித்தார். லூத்தர் செல்லவில்லை. நகரப் போதகர் யோகான் பூகன்ஹாகனும் அவரோடு தங்கினார். 1528 ஏப்ரலில்தான் பல்கலைக்கழகம் விட்டன்பர்க்குக்குத் திரும்பியது.

அம்மாதங்களில் லூத்தரின் இல்லம் ஏறத்தாழ ஒரு மருத்துவமனையாகவே விளங்கியது. அவ்வாண்டு ஜூலையில் அவரே கடும் நோயுற்று எழுந்திருந்தார். துணைவியார் கத்தரீனா கருவுற்றிருந்தார். பூகன்ஹாகனின் சகோதரி நோயால் மடிந்தார். இவற்றுக்கு நடுவே ஊரில் எஞ்சியிருந்த சில மாணவருக்கு லூத்தர் வகுப்பு நடத்தினார் என்பது நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி. ஆகஸ்டு 19 முதல் யோவானின் முதலாம் நிருபத்தையும், அதன் பின்னர் தீத்து, பிலேமோன் நிருபங்களையும் அவர் விளக்கினார். ஆகவே ஒரே பல்கலைக்கழகம் அவ்வாண்டில் இரண்டு வகையாக நடந்தது எனலாம். ஒன்று பாதுகாப்பான ஊருக்குப் பெயர்ந்தது. மற்றொன்று நோயாளிகளின் அருகில் நின்றது.

2. கடிதத்தின் வாதம்

உயிரைக் காத்துக்கொள்ள விரும்புவது இயற்கை, அது பாவமன்று என்று லூத்தர் தொடங்குகிறார். ஆபிரகாமும் யாக்கோபும் தாவீதும் ஆபத்துக்குத் தப்பி ஓடியவர்களே என்று காட்டுகிறார். ஆனால் பிறருக்குக் கடமைப்பட்டவர் தம் விருப்பப்படி போக இயலாது. போதகர், நடுவர், நகர அலுவலர், மருத்துவர், தலைவர், பணியாளர், பெற்றோர், திக்கற்ற பிள்ளைகளின் காப்பாளர் என ஒவ்வொருவரையும் வரிசையாக எடுத்துக் கொண்டு, தம் பொறுப்பை ஏற்கத் தக்க வேறொருவரை ஏற்படுத்தாமல் எவரும் விலகலாகாது என வரையறுக்கிறார். தக்க மாற்று இருந்தால் விலகுவது குற்றமன்று. இல்லாவிடில் விலகுவது அயலானைக் கைவிடுவதாகும். நோயுற்றவனிடத்தில் கிறிஸ்துவையே காண வேண்டும் என்னும் மத்தேயு 25ஆம் அதிகாரப் போதனை இதற்கு அடித்தளம்.

இதனை மாற்றேற்பாட்டு நெறி என்று நாம் அழைக்கலாம். கடிதத்தின் நிலையான மதிப்பு இந்நெறியிலேயே உள்ளது. வீரத்தைப் புகழ்வதோ அச்சத்தைப் பழிப்பதோ அதன் வேலையன்று. போகிறவரால் உண்டாகும் வெற்றிடத்தை யார் நிரப்புவார் என்றே அது கேட்கிறது.

3. கடிதத்தின் குறைகள்

போற்றத்தக்க இக்கடிதத்தை அப்படியே நம் சூழலுக்குப் பெயர்த்து நடுவது முறையாகாது. மூன்று குறைகளைச் சுட்டலாம்.

முதலாவது, வலுவான விசுவாசமுள்ளோர், பலவீனமான விசுவாசமுள்ளோர் என்னும் பிரிவினை. பலவீனரைக் குற்றப்படுத்தலாகாது என்றே லூத்தர் இதைக் கூறுகிறார். எனினும் சபையின் காதில் இது வேறாக ஒலிக்கும். காசநோய் இருந்த மாணவரும், முதிய பெற்றோரைக் கொண்ட ஆசிரியரும் விலகி நின்றது விசுவாசக் குறைவினால் அன்று. உடல்நிலையும் இல்லச் சூழலும் காரணமாகும் இடத்தில் விசுவாசத்தை அளவுகோலாக்குவது ஆயர்ப்பணிக்கு ஊறு செய்யும்.

இரண்டாவது, வேண்டுமென்றே நோயைப் பரப்புவோர் உண்டெனத் தாம் கேள்விப்பட்டதை ஒட்டி லூத்தர் அத்தகையோர்மேல் காட்டும் கடுமை. அவர்களைக் கொலைத்தண்டனைக்கு ஒப்படைக்கவும் அவர் தயங்கவில்லை. கேள்விப்பட்ட செய்தி எங்கே கொண்டு செல்லும் என்பதை நம் நாடு 2020இல் கண்டது. ஒரு சமயத்தார்மீதே நோயின் பழி சுமத்தப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் சென்னையில், தொற்றினால் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யச் சென்றவர்களை ஒரு கூட்டம் தாக்கி விரட்டியது. இறந்தோரை மரியாதையுடன் அடக்கம் செய்யும் இடம் அமைதியும் புனிதமும் உடையதாக இருக்க வேண்டுமெனக் கடிதத்தின் இறுதியில் லூத்தர் எழுதும் பகுதியைத்தான் அந்நாளில் நம் சபைகள் உரக்க வாசித்திருக்க வேண்டும்.

மூன்றாவது குறையே நமக்கு மிக நெருக்கமானது. இத்தனை பொறுப்பாளரை வரிசைப்படுத்தும் பேராசிரியர், பேராசிரியருக்கென்று தனிப் பகுதி எதையும் ஒதுக்கவில்லை. பல்கலைக்கழகம் தன் மாணவருக்கு என்ன கடன்பட்டுள்ளது என்னும் கேள்விக்கு எழுத்தில் விடையில்லை. எஞ்சிய மாணவரின் முன் அவர் திறந்த யோவான் நிருபமே அவர் தந்த விடை. அவர் எழுதாததை அவருடைய செயலிலிருந்து நாம் வாசிக்க வேண்டியுள்ளது.

4. பெரிய மார்க்கெட்டும் கல்லூரியும்

புதுச்சேரி நகரில் நேரு வீதியை ஒட்டியுள்ள குபேர் அங்காடியை மக்கள் பெரிய மார்க்கெட் என்றே அழைப்பர். காய்கறி, மீன், பூ, மளிகை எனக் கடைகள் நெருங்கி நிற்கும் இடம். ஒருவர் தோளை ஒருவர் உரசாமல் அங்கே நடக்க இயலாது. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கின்போது அதன் காய்கறிக் கடைகள் புதிய பேருந்து நிலையத்துக்கு மாற்றப்பட்டன. மக்கள் உண்டாக வேண்டும், ஆகவே சந்தையை அடியோடு மூட இயலாது என்று அரசு உணர்ந்தது. இடம் மாறிற்று, இடைவெளி கூடிற்று, ஆனால் விற்பவரும் வாங்குபவரும் முகம் பார்த்து நின்றனர். விட்டன்பர்க் யேனாவுக்குப் பெயர்ந்ததற்கு ஒப்பான ஏற்பாடு இது.

கல்லூரிகளுக்கு அத்தகைய பேருந்து நிலையம் ஒன்றும் கிடைக்கவில்லை. அவை திரைக்குள் பெயர்ந்தன. விடுதிகளை மூடியது தவறென்று இங்கே வாதிடவில்லை. நெருங்கிய விடுதி அறைகளில் தொற்று எளிதில் பரவும், ஆகையால் மூடியது அயலாரன்பின் பாற்பட்டதே. ஆனால் லூத்தரின் மாற்றேற்பாட்டு நெறி இங்கேதான் வந்து நிற்கிறது. விடுதி மாணவருக்கு அளித்தவை யாவை? மூன்று வேளை உணவு, மின்விளக்கு, மேசை, நூலகம், அமைதி, காலை மாலை வழிபாடு, துன்பத்தைச் சொல்ல ஒரு தோழர். சாதியால் ஒதுக்கப்பட்ட தெருவிலிருந்து வந்தவருக்கு அது எல்லாரோடும் சமமாக அமரும் பந்தியையும் அளித்தது. பெண் மாணவருக்கு அடுப்படி வேலையிலிருந்து சில மணி நேர விடுதலையை அளித்தது. இவையனைத்தும் ஒரே நாளில் நின்றன. அவற்றுக்கு மாற்றாக அனுப்பப்பட்டது விரிவுரை ஒன்றே.

அவ்விரிவுரையும் எல்லாரையும் எட்டவில்லை. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று (2017-18) காட்டியபடி, இந்திய நாட்டுப்புறக் குடும்பங்களில் நூற்றுக்குச் சுமார் 15க்கும், நகர்ப்புறக் குடும்பங்களில் சுமார் 42க்குமே இணைய வசதி இருந்தது. கணினி வைத்திருந்த குடும்பங்கள் நாட்டுப்புறத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 மட்டுமே. பெருந்தொற்றுக்குச் சற்று முந்திய நிலை இது. கல்லூரி நிர்வாகங்கள் அறிய இயலாத இரகசியமன்று.

பெரிய மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் இறையியல் பயில்கிறார் என்று எண்ணிப் பார்ப்போம். வீட்டில் கைப்பேசி ஒன்றே. காலையில் அது தந்தையோடு சந்தைக்குப் போய்விடும். வேலை குறைந்ததால் அதற்குப் பணம் கட்டுவதும் கடினம். தங்கைக்கும் அதே கைப்பேசியில் பள்ளிப் பாடம். இம்மாணவர் வகுப்புக்கு வராதவராகப் பதிவேட்டில் குறிக்கப்படுகிறார். அவர் கல்லூரியை விட்டு ஓடினாரா, கல்லூரி அவரை விட்டு ஓடிற்றா? லூத்தரின் நெறிப்படி விடை ஐயத்துக்கு இடமற்றது.

5. தொலைவிலிருந்து போதித்தல்: திருமறையின் வழி

தொலைவிலிருந்து கற்பிப்பதே தாழ்வானது என்று கூறுவோர் புதிய ஏற்பாட்டை மறந்தவராவர். அதன் பெரும்பகுதி தொலைவிலிருந்த ஆசிரியர் எழுதியதே. எனினும் பவுலின் முறையைக் கூர்ந்து நோக்கினால் அதில் மூன்று கூறுகள் ஒருங்கே இருப்பது புலனாகும்.

முதலாவது கடிதம். இரண்டாவது கடிதத்தோடு செல்லும் ஆள். தெசலோனிக்கேயரைக் காண இயலாமல் தவித்தபோது, தாம் தனித்திருக்க நேரினும் தீமோத்தேயுவை அவர்களிடம் அனுப்பினார் (1 தெச. 3:1-6). பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தோடு ஒநேசிமுவே சென்றார். மூன்றாவது காணிக்கை. எருசலேமின் வறியோருக்காகத் தொலைவிலுள்ள சபைகளிடம் பொருள் திரட்டியதை 2 கொரிந்தியர் 8, 9ஆம் அதிகாரங்கள் விரிவாகக் கூறுகின்றன. சொல், ஆள், பொருள் என்னும் இம்மூன்றும் சேர்ந்தே தொலைவு என்னும் பள்ளத்தைத் தூர்த்தன. 2020இன் கல்வி பல இடங்களில் முதற்கூறோடு நின்றுவிட்டது.

லூத்தர் அவ்வாண்டு யோவானின் முதலாம் நிருபத்தை விளக்கினார் என்பதும் இங்கே கருதத்தக்கது. தம் கைகளால் தொட்டதை அறிவிப்பதாகத் தொடங்கும் நிருபம் அது. சகோதரனுடைய குறைச்சலைக் கண்டும் இருதயத்தை அடைத்துக்கொள்பவனிடம் தேவ அன்பு நிலைக்குமோ என வினவும் நிருபமும் அதுவே (3:17). அதன் உடன்பிறப்பான இரண்டாம் நிருபமோ, காகிதமும் மையும் போதா, முகமுகமாய்ப் பேச வேண்டும் என்னும் ஏக்கத்தோடு முடிகிறது (வச. 12). எழுத்தைப் பயன்படுத்திக்கொண்டே அதன் எல்லையையும் ஒப்புக்கொள்ளும் ஆசிரியரை இங்கே காண்கிறோம்.

திருச்சபை வரலாற்றிலும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. டீட்ரிக் போன்ஹோஃபர் நடத்திய ஃபிங்கன்வால்டே குருமடத்தை 1937இல் நாசி அரசின் காவல்துறை மூடியது. சிதறிய மாணவருக்கு அவர் தொடர்ந்து சுற்று மடல்கள் அனுப்பினார். தியானத்துக்குரிய திருமறைப் பகுதிகளையும், ஒருவரைப் பற்றிய செய்தியை மற்றவருக்கும் அவை கொண்டு சென்றன. அங்கே நெருக்கடி நோயன்று, அரசு. ஆயினும் கட்டடம் இழந்த கல்லூரி மாணவரின் பெயர்களை மறக்கவில்லை.

1963இல் குவாத்தமாலாவில் தொடங்கிய விரிவாக்க இறையியற் கல்வி நமக்கு இன்னும் அருகிலுள்ளது. வீட்டையும் வேலையையும் விட்டு வர இயலாதவரிடம் கல்லூரியே சென்றது. மாணவர் தனித்துப் படித்தனர், ஆனால் குறித்த நாளில் ஆசிரியரோடு சிறு குழுவாகக் கூடினர். 1971இல் பெங்களூரில் இதற்கான இந்தியச் சங்கம் அமைந்தது. அரை நூற்றாண்டு அனுபவம் நம் கையில் இருக்க, வகுப்பறை விரிவுரையை அப்படியே கண்ணாடித் திரைக்கு மாற்றியதே போதுமென்று கருதிய கல்லூரிகள், தம் வீட்டுக் கிணற்றை விட்டு அயலூருக்குத் தண்ணீர் தேடிச் சென்றன எனலாம்.

6. முடிவுரை

லூத்தரின் கடிதம் கல்லூரிக்கு நேரடியான விடை தரவில்லை. அதன் மொழியில் இடைக்காலத்தின் அச்சமும் கடுமையும் கலந்துள்ளன. ஆயினும் விலகுகிறவர் தக்க மாற்றை ஏற்படுத்திவிட்டே விலக வேண்டும் என்னும் அதன் நெறி இன்றும் நம்மை நியாயந்தீர்க்கிறது. மாணவரை அனுப்பும் நாளிலேயே மூன்றைக் கல்லூரி ஏற்பாடு செய்தல் வேண்டும். இணையம் இல்லாதவருக்கும் சென்று சேரும் அச்சிட்ட பாடம் முதலாவது. ஒவ்வொரு மாணவரையும் அவரவர் ஊரிலேயே சந்திக்க அருகிலுள்ள ஆயரோ பழைய மாணவரோ ஒருவர் இரண்டாவது. விடுதிக்கெனச் சபைகள் தரும் காணிக்கையில் மாணவரின் வீட்டு உணவுக்கும் ஒரு பங்கு மூன்றாவது. இவற்றுக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. பேராயங்கள்தோறும் ஆயர்கள் இருக்கின்றனர், சேகரங்கள் இருக்கின்றன, பழைய மாணவரின் முகவரிப் பட்டியல் இருக்கிறது.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்பதை ஆண்டவரே அறிவார். அது வருமுன் நம் கல்லூரி மன்றங்கள் தம் 2020, 2021ஆம் ஆண்டு வருகைப் பதிவேடுகளை மறுபடியும் எடுத்து, வராதவராகக் குறிக்கப்பட்டோரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பது நலம். அவர்களுள் எத்தனை பேர் திரும்பி வந்தனர், வராதோரை நாம் சென்று கண்டோமா என்பதே லூத்தர் இன்று நம்மிடம் கேட்கக்கூடிய கேள்வி.