பள்ளிகள் சேருமா, பதிவேடுகள் சேருமா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக்கயிறு பற்றி எல்லாரும் பேசியாகிவிட்டது. நான் பேச வந்தது இன்னொரு பரிந்துரையை: ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எல்லாவற்றையும் பள்ளிக் கல்வித் துறையின்கீழ் கொண்டுவர வேண்டும், பள்ளிப் பெயரில் சாதி கூடாது. 2023 வரவு செலவுத் திட்டத்திலேயே அரசும் இந்த இணைப்பை அறிவித்திருந்தது.

தனிப்பள்ளி நாம் கேட்டு வாங்கிய சலுகை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊர்ப் பள்ளியில் நம்மை உட்காரவிடாததால் வந்தது அது. 1894இல் அடையாறுப் பக்கம் ஆல்காட் பஞ்சமர் பள்ளி தொடங்கினார். பிறகு மாகாணத் தொழிலாளர் துறை பள்ளி நடத்தியது. 1949இல் அரிசன நலத் துறை வந்தது. 1922இல் அரசாணை போட்டுப் 'பஞ்சமர்' என்பதை 'ஆதிதிராவிடர்' ஆக்கினார்கள். 2025 ஜூலையில் நம் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பேர். பேர் மாறிக்கொண்டே இருக்கிறது. எங்க பக்கம் ஜனங்க வாயில் மட்டும் இன்னும் அது 'காலனி இசுகூலு'தான்.

நிர்வாகம் யார் கையில்? மாவட்ட நல அலுவலரும் தனி வட்டாட்சியரும் வருவாய்த் துறையிலிருந்து வருகிறவர்கள். மனைப்பட்டாவுக்கு நிலம் எடுக்கிறவரே பள்ளிக்கூடத்தையும் பார்க்க வேண்டும். நாலாங்கிளாஸ் பிள்ளைக்கு ஏன் எழுத்துக்கூட்டக்கூட வரலைன்னு அவரிடம் போய்க் கேட்க முடியுமா? இந்த ஏற்பாடு ஒழிய வேண்டியதுதான்.

ஆனால் நிர்வாகம் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்பதைப் பெரம்பலூர், அரியலூர்க்காரனால் சுலபமாக நம்ப முடியாது. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அரியலூர் பிரிந்தது, 2002இல் மறுபடி ஒட்டியது, 2007இல் மறுபடி பிரிந்தது. கலெக்டர் ஆபீஸ் கிட்டத்தில் வந்தது. ஊருக்கும் சேரிக்கும் நடுவிலுள்ள தூரம் குறையவில்லை. ஊரெல்லாம் கட்டிடம் கட்டுகிற சிமெண்ட்டுக்கு அரியலூர் மண்ணிலிருந்துதான் சுண்ணாம்புக்கல் போகிறது. சேரிப் பள்ளிக்கு ஒரு சுற்றுச்சுவர் கேட்டால் வருசக்கணக்கில் மனு எழுத வேண்டியிருக்கிறது.

என் பயம் இதுதான். எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் இரண்டு தொடக்கப் பள்ளி, நடுவில் ஒரு தார் ரோடு. இரண்டிலும் பிள்ளைகள் குறைவு. ஒரே துறையின்கீழ் வந்த மறுநாள், 'இரண்டு எதற்கு, ஒன்றை மூடு' என்று உத்தரவு வந்தால் எது மூடப்படும்? நம் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டிப் போவார்கள், கடைசி வரிசையில் உட்காருவார்கள். ஊர்ப் பிள்ளை ரோட்டைத் தாண்டி நம் தெருவுக்குப் படிக்க வருமா? "அங்கயெல்லாம் எப்படிங்க அனுப்பறது?" என்று கேட்கிற தாய் தகப்பனுக்கு எந்த அரசாணை பதில் சொல்லும்?

துணைத்திட்ட நிதியின் கதி என்ன என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. பொதுக் கணக்கில் கரைந்த பணத்தைப் பிறகு யாரும் பிரித்துக் காட்டப்போவதில்லை.

ஆகவே இணைப்பை நான் எதிர்க்கவில்லை; அதற்குக் கணக்குக் கேட்கிறேன். நம் தெருவிலுள்ள பள்ளியை மூடாதே. இரண்டில் ஒன்றுதான் நிற்கும் என்றால் அது நம் தெருவில் நிற்கட்டும், ஊர்ப் பிள்ளைகள் அங்கே வரட்டும். நிதியைப் பள்ளிவாரியாக எழுதி ஒட்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெண்கள் கையெழுத்துப் போட மட்டுமில்லாமல், கேள்வி கேட்கவும் உட்காரட்டும். இவ்வளவும் நடந்தால் பள்ளிகள் சேர்ந்தன என்று ஒத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் சேர்ந்தது பதிவேடு மட்டும்தான்.