பார்க்கும் உரிமையும் பிரதி எடுக்கும் உரிமையும்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் தொடர்மாடி ஒன்று எழும்பும்போதே கமராவும் ஏறிவிடுகிறது. கொட்டாஞ்சேனையில் கடை, கோயில், வீட்டு வாசல் என்று எங்கும் அதே கதைதான். எத்தனை கமரா, எந்தக் கம்பனி, எத்தனை நாள் பதிவு நிற்கும் என்றெல்லாம் கேட்டு முகாமைத்துவக் குழு கொட்டேஷன் வாங்குகிறது. பதிவை யார் பார்க்கலாம், யார் பிரதி எடுக்கலாம் என்பதை மட்டும் கம்பியிழுக்க வந்தவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. கமராவால் வரும் நன்மையும் தீமையும் பெரும்பாலும் அந்த இடத்திலேயே தீர்மானமாகின்றன.

யாருக்கு எந்த உரிமை என்று பிரிக்கும் வசதி இல்லையென்று சொல்ல முடியாது. சாதாரண டி.வி.ஆர், என்.வி.ஆர் பதிவுப் பெட்டிகளிலும் அட்மின், ஒபரேட்டர் என்று படிநிலைகள் உண்டு. நேரலை பார்ப்பது, பழைய பதிவை ஓடவிடுவது, பென் டிரைவில் பிரதி எடுப்பது, வெளியிலிருந்து போனில் திறப்பது ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே கொடுக்கலாம், மறுக்கலாம். பல பெட்டிகளில் கமரா வாரியாகவும் பிரிக்கலாம். வாசலும் கார் தரிப்பிடமும் வோச்சருக்கு நேரலையில் தெரிந்தால் போதும். ஐந்தாம் மாடியில் யார் வீட்டுக் கதவு எத்தனை மணிக்குத் திறந்தது என்பது அவருக்கு எதற்கு? யார் எப்போது உள்நுழைந்தார் என்பதும் பெட்டியின் குறிப்பேட்டில் பதிவாகும்.

இந்தப் பிரிப்பு அந்தரங்கத்தைக் காப்பதோடு சாட்சியத்தையும் காக்கிறது. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் ஒளிப்பதிவை நீதிமன்றத்தில் ஏற்க வழிசெய்கிறது. பதிவில் கைவைக்கப்பட்டதா என்பது அங்கே முக்கியமான கேள்வி. பத்துப் பேர் ஒரே கடவுச்சொல்லால் நுழையும் பெட்டியிலிருந்து வந்த பிரதியை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சும்மா விடுவாரா? பதிவின் பெறுமதியை 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு கொழும்புக்குச் சொல்லத் தேவையில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்படத் தாக்கப்பட்ட அந்த நாளில், ஷங்ரி-லா ஹோட்டலிலும் கட்டுவாப்பிட்டித் தேவாலயத்திலும் குண்டுதாரிகளின் நடமாட்டத்தைக் காட்டியவை கமராக்களே. அதே காட்சிகள் பின்னர் எல்லார் போனிலும் சுற்றின.

ஆனால் நடைமுறையில் இந்த அமைப்புக்குக் குறைகளும் உண்டு. முதல் குறை, எல்லாருக்கும் பொதுவான அட்மின் கணக்கு. கமரா பூட்டியவர் வைத்த கடவுச்சொல் அப்படியே கிடக்கும். செயலாளர் மாறுவார், வோச்சர் மாறுவார், அது மாறாது. 2016இல் மிராய் என்ற நச்சு நிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு கிடந்த கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகெங்கும் கைப்பற்றியது. 2025இல் குஜராத்தின் ராஜ்கோட்டில் மகப்பேற்று மருத்துவமனை ஒன்றின் கமராக் காட்சிகள் இணையத்தில் விலைபோனது அம்பலமானது. 2021இல் வெர்காடா என்ற கமரா நிறுவனத்தின் மேலதிகாரக் கணக்கு ஒன்று அந்நியர் கையில் சிக்கியதும் ஏறத்தாழ 150,000 கமராக்கள் திறந்துகொண்டன. கீழே எத்தனை படிநிலை வகுத்தாலும் உச்சிக் கணக்கு ஒழுகினால் எல்லாம் ஒழுகும்.

இரண்டாவது குறை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. அனுமதியை அளவுக்கு மீறி இறுக்கினால் சாட்சியம் அழிந்துபோகும். ஒரு கமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் எழுதினால் நாளுக்குச் சுமார் 21 ஜிகாபைட் ஆகும். 16 கமராவுக்கு 4 டெராபைட் வட்டு பதினொன்று, பன்னிரண்டு நாளில் நிரம்பிப் பழையதை அழித்து எழுதும். அட்மின் கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆள் லண்டனில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் என்றால், களவு போன காட்சி அவர் திரும்புமுன் போய்விடும்.

மூன்றாவது குறை மென்பொருளுக்கு எட்டாதது. திரையைப் போனில் படம்பிடிப்பவரை எந்த அமைப்பும் தடுக்காது. எந்தப் பெண் எத்தனை மணிக்கு, யாரோடு வந்தாள் என்பது மறுநாள் லிஃப்ட்டில் கதையாகிறது. சட்டமும் இன்னும் முழுதாகக் கைகொடுக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து ஒத்திவைக்கப்பட்டன. தனியாள் தன் வீட்டுத் தேவைக்குக் கையாளும் தரவுக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு. கட்டிடத்தையே நிர்வகிக்கும் குழு அந்த விலக்கைக் கோருவது கடினம் என்பது என் வாசிப்பு.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்தக் கேள்வியின் கனம் கூடுவதற்கு வரலாறு காரணம். 1983 ஜூலையில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு கலவரக்காரர்கள் தமிழ் வீடுகளைத் தேடி வந்தார்கள். தேர்தலுக்கென எழுதிய பட்டியல் அது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரை விட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. எந்த வீட்டுக்கு யார் வந்தார், எத்தனை நாள் தங்கினார் என்று சொல்லும் ஒளிப்பதிவும் ஒரு வகை இடாப்புத்தான். ஆனால் இதே நகரிலும் அதன் புறநகரிலும் 2008, 2009இல் 11 பேர் கடத்தப்பட்டுக் காணாமல்போன வழக்கை நினைத்தால், அந்தத் தெருக்களில் நம்பத்தக்க பதிவு இருந்திருக்கக்கூடாதா என்றும் மனம் கேட்கிறது. கமராவே வேண்டாம் என்று சொல்ல அந்த நினைவு விடாது.

ஆகவே அனுமதி அமைப்பு நல்ல கருவி. அதை ஆளும் தீர்மானங்களைக் கட்டிடவாசிகள்தான் எடுக்கவேண்டும். ஆளுக்கொரு கணக்கு; பூட்டியவரின் கணக்கு வேலை முடிந்த அன்றே நீக்கம்; குழு மாறும்போது கடவுச்சொல்லும் மாற்றம். பிரதி எடுக்கும் உரிமை கட்டிடத்திலேயே வசிக்கும் இருவருக்கு. அயலவர் ஜன்னலும் கதவும் விழும் பகுதிக்குத் திரைமறைப்பு. பொலிஸ் கேட்டால் எழுத்தில் கேட்கட்டும். கொடுத்த திகதி, நேரம், கமரா எண் ஆகியவற்றைப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கலாம். குற்றம் துலங்க இது தடையாகாது. கேட்டவர் யார் என்பதற்கும் ஒரு பதிவு இருக்கும். இவற்றுக்குப் பெரும் செலவில்லை, ஒரு பொதுக்கூட்டம் போதும். அதைக்கூடக் கூட்டத் தயங்கும் குழுவிடம் பதினாறு கமராக்களை ஒப்படைப்பது பாதுகாப்பாகாது.