கைக்குட்டை ஆன பழவேற்காடு

சொற்பிறப்பு என்றாலே புலவர் சமாச்சாரம் என்று ஒதுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொன்னேரியில் பழவேற்காடு பஸ் ஏறுங்கள். ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறந்த வீட்டிலேயே இறங்கலாம்.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். பழவேற்காடு வெள்ளைக்காரன் வாயில் 'புலிகாட்' ஆனது. 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க அவர்களுக்கு நம் பக்கத்துத் துணி வேண்டியிருந்தது. சாயம் ஏற்றிய நூலில் கட்டம் போட்டு நெய்த கைக்குட்டைக்கு ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரே நின்றுவிட்டது. (பழவேற்காடு என்ற பெயருக்குப் பழைய வேர்களின் காடு என்று விளக்கம் சொல்பவர்களை நம்பாதீர்கள். வேர் என்றால் 'வேர்க்காடு' ஆகியிருக்கும். வேல் இருந்தால்தான் வேற்காடு. வேல மரக் காடு.)

இனி விஷயத்துக்கு வருவோம். கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்தில் ஏறிய கதையைச் சொல்லி மார்தட்டுவது மேலோட்டமான ரசனை. பொருள் போனது, பெயரும் கூடவே போனது, அவ்வளவுதான். எல்லா ஆங்கிலச் சொல்லுக்கும் தமிழ் வேர் கண்டுபிடிக்கும் வாட்ஸ்அப் வித்வான்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். புலிகாட் வேறு ஜாதி. ஊரின் பெயர் அங்குள்ள பொருளுக்கு ஆகிவருவதை நம் இலக்கணம் இடவாகுபெயர் என்கிறது. "கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் எடுத்தோம்" என்றால் ஊரையா எடுத்தோம்? ஆனால் காஞ்சிபுரம் சேலை கேட்கிறவருக்கு ஊரும் தெரியும். புலிகாட் அப்படியல்ல. 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஸ்காட்லாந்துத் தறிக்காரர்களும் புலிகாட் நெய்தார்கள். ஊருக்கும் துணிக்கும் சம்பந்தமே அறுந்த பிறகும் பெயர் மட்டும் ஓடியது! ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கினால் ஊர், சின்ன எழுத்தில் தொடங்கினால் கைக்குட்டை. அந்த ஓர் எழுத்து எங்கே எப்போது சிறுத்தது என்று தேடுவதில் இருக்கிறது ருசி. அகராதியில் பொருளை மட்டும் படித்துவிட்டு மூடுகிறவருக்கு அது கிடைக்காது.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். ஆங்கிலத்தில் இந்தச் சொல் இப்போது அகராதியோடு சரி. மலாய்க்காரர்களிடம் நன்றாகவே இருக்கிறது. கட்டம் போட்ட கைலிக்கு அவர்கள் வைத்த பெயர் 'காயின் பெலிக்காட்'. மலேசியாவில் சொந்தக்காரர் இருந்தால் அடுத்த முறை வரும்போது தைலம், சாக்லேட்டோடு அதிலும் ஒன்று வாங்கிவரச் சொல்லுங்கள்.