தாமதத்தின் பொருள்: இரட்சணிய யாத்திரிகத்தில் இறைமௌனம்

ஆய்வுச் சுருக்கம்

துன்பவேளையில் இறைவன் வாளா இருப்பது ஏன் என்னும் வினாவை எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் எதிர்கொள்ளும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. குமார பருவத்தின் இரட்சணிய சரிதப் படலம் முதன்மை ஆதாரமாகக் கொள்ளப்படுகிறது. அவ்வினாவுக்குத் தமிழ்க் காப்பிய மரபு அளித்த விடையிலிருந்து கிருட்டிணப் பிள்ளை விலகும் இடமே ஆய்வுப் பொருள்.

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், கிருட்டிணப் பிள்ளை, வேண்டுதல், இறைமௌனம், சிலப்பதிகாரம்

முன்னுரை

தமிழ்க் கிறித்தவர் வாழ்வில் 'சாட்சி சொல்லுதல்' ஒரு வாய்மொழி வகைமையாகவே நிலைபெற்றுள்ளது. துன்பம், வேண்டுதல், விடுதலை என்னும் மூன்று படிகள் அதன் கட்டமைப்பு. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளின் செபக்கூட்டங்களானாலும் தென்பாண்டிச் சிற்றூர்த் திருச்சபைகளானாலும் வேலை, கடன், நோய், மகப்பேறு குறித்த சாட்சிகள் பெரும்பாலும் இவ்வடிவிலேயே அமைகின்றன. மூன்றாம் படி வாய்க்காதவருக்கு இவ்வகைமையில் பேச இடமில்லை. வேலை கிடைக்காதவர், நோய் நீங்காதவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஆகியோர் கேட்போராகவே அமர்ந்திருக்க நேர்கிறது. போதாக்குறைக்கு, நம்பிக்கைக் குறைவே காரணம் என்னும் பழியும் அவர்களைச் சேர்வதுண்டு. இவர்களுக்குத் தமிழ்க் கிறித்தவப் பேரிலக்கியத்தில் சொல் உண்டா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

நூலும் காலமும்

வைணவக் குடும்பத்தில் கரையிருப்பில் பிறந்த கிருட்டிணப் பிள்ளை (1827-1900), சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றிய பின், 1858இல் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை நூலைத் தழுவி அவர் இயற்றிய காப்பியம் 3766 பாடல்களைக் கொண்டது. 'நற்போதகம்' இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூலுருப் பெற்றது.

தொடர் வெளிவந்த காலம் கருதத்தக்கது. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கியது. அப்பஞ்சத்தை ஒட்டித் திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் திருச்சபைகளில் சேர்ந்தனர். கஞ்சிக்காகச் சேர்ந்தவர் என்னும் ஐயத்தைச் சுமந்த தலைமுறை அது. தானியமும் விசுவாசமும் ஒரே வாயில் வழி வந்திருந்தால், தானியம் நின்றபின் விசுவாசம் என்னவாகும்? காப்பியம் இதனை நேர்படப் பேசவில்லை. ஆயினும் அதன் முதல் வாசகர்கள் இவ்வினா உலவிய சூழலில்தான் வாழ்ந்தனர்.

பனியனில் இல்லாத விரிவு

பனியன் நூலில் பயணி சிலுவையின் அடியை அடைந்ததும் முதுகுச்சுமை தானே அவிழ்ந்து விழுகிறது. ஒரு பத்தியளவில் அந்நிகழ்ச்சி முடிந்துவிடும். கிருட்டிணப் பிள்ளையோ இயேசுவின் பாடுகளைத் தனிப் படலமாக விரித்துரைக்கிறார். கம்பனைப் பயின்றவரின் காப்பிய ஆர்வம் என்று இவ்விரிவுக்குக் காரணம் கூறலாம். 'கிறித்தவக் கம்பர்' என்னும் பட்டம் அத்தகைய விளக்கத்தை எளிதாக்கியும் விட்டது; கம்பன் சாயலைப் பட்டியலிட்ட அளவில் ஒப்பாய்வு நிறைவு கொண்டுவிடுகிறது. விரிவின் விளைவு அதனினும் முக்கியமானது. பயணியின் கதைக்குள் கைவிடப்பட்ட ஒருவரின் கதை இடம்பெறுவதால், விடுதலை நோக்கி நடப்பவன், விடுவிக்கப்படாத ஒருவரை முதலில் நெடுநேரம் காண நேர்கிறது.

நற்செய்தி நூல்களின்படி, கெத்செமனேத் தோட்டத்தில் துன்பக் கிண்ணம் தம்மை விட்டு நீங்க வேண்டுமென இயேசு மும்முறை மன்றாடினார். கிண்ணம் நீங்கவில்லை. வேண்டியவரிடம் நம்பிக்கைக் குறைவு இருந்தது என்று இவ்விடத்தில் எவரும் கூற இயலாது. வேண்டுதலின் தோல்வியை வேண்டுபவரின் தகுதியோடு பிணைக்கும் வாதம் முறியும் இடம் இது.

கட்டியது எது?

மேல்நிலை வகுப்புப் பாடநூலிலும் இடம்பெற்ற, நன்கு அறிமுகமான பகுதியில் இரண்டு கூற்றுகள் நம் கவனத்துக்குரியவை. முதலாவது, இயேசு பிணிக்கப்பட்டு நிற்கும் காட்சி. அவரை நிறுத்தியது பகைவர் கட்டிய கயிறன்று; தம்மை வெறுத்த மானுடர்பால் அவர் கொண்ட அன்பே அறுக்கவியலாக் கட்டாயிற்று என்கிறார் கவிஞர். ஆற்றல் இருந்தும் செயல்படாமை இங்கு இயலாமையாகக் காட்டப்படவில்லை. தந்தையிடம் கேட்டால் வானதூதர் படைகள் வரும் என்று மத்தேயு நற்செய்தியில் இயேசு கூறுவதும், கேளாதிருப்பதும் இக்கற்பனையின் வேர் எனலாம்.

இரண்டாவது, பார்த்திருந்த மக்களின் புலம்பல். முருக்க மலர் நிறத்துச் செவ்வங்கி போர்த்து, முள்முடி சூட்டி, கோலால் தலையில் அடித்து, முகத்தில் உமிழ்ந்து எள்ளியதைக் கண்டு அவர்கள் பதைக்கின்றனர். நிலம் ஏன் வெடிக்கவில்லை, வானம் ஏன் இடிந்து விழவில்லை, கடல் ஏன் வற்றவில்லை, இன்னும் ஏன் தாமதம் என்கின்றனர். வகுப்பறையில் இப்பாடல் அவலச்சுவைக்குச் சான்றாகக் காட்டப்பட்டு விரைந்து கடக்கப்படுவதுண்டு. அவலம் மட்டும் கொண்ட கூற்றன்று இது. இறைவன்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டும் ஆகும்.

இவ்வினாவின் முன்னோடி சிலப்பதிகாரத்தில் உள்ளது. ஊர்சூழ் வரியில், வெட்டுண்ட கணவனைக் கண்ட கண்ணகி, இவ்வூரில் தெய்வமேனும் இருக்கிறதா எனக் கேட்கிறாள். அங்கு விடை கிடைக்கிறது. பாண்டியன் அரியணையிலேயே உயிர் துறக்கிறான். மதுரையைத் தீ உண்கிறது. தெய்வம் இருப்பதற்குச் சான்று அழிவு. கிருட்டிணப் பிள்ளையின் மக்கள் கேட்பதும் அதே சான்றைத்தான். தமிழ்க் காப்பியத்தில் தோய்ந்த செவிக்கு, அப்புலம்பலின்பின் நெருப்பு வரவேண்டும். ஆனால் அவர்களைப் பேசவைத்த கவிஞர், அன்பின் கட்டு எது என்பதை முன்னரே பாடிவிட்டார். அவர்கள் வேண்டும் அழிவு நிகழாமைக்கு அக்கட்டே காரணம். மத்தேயு கூறும் நண்பகல் இருளும் நிலநடுக்கமும்கூட எவரையும் சிலுவையிலிருந்து இறக்கவில்லை.

எனவே காப்பியம் 'ஏன் தாமதம்' என்பதற்குக் காரணம் கூறுகிறது எனலாம். ஆறுதல் கூறுகிறதா என்பது வேறு வினா. பகைவரும் அழியாதிருக்கவே இறைவன் காத்திருக்கிறான் என்பது, பகைவர் எவருமின்றிப் பசியாலோ நோயாலோ மடிபவருக்குப் போதுமான விடையன்று. பஞ்சத்தில் பிள்ளையை இழந்த தாய்க்கு அன்பின் கட்டு எவ்வகையில் பொருந்தும் என்பதற்கு இப்பகுதி வழிகாட்டவில்லை. கிருட்டிணப் பிள்ளையைப் போற்றுவோர் இவ்வரம்பையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

யார் கேட்கிறார்?

குற்றச்சாட்டு பயணியின் வாயில் வைக்கப்படவில்லை என்பதும் நோக்கத்தக்கது. பார்வை இழந்த சுந்தரர் திருவாரூரில் தம் இறைவனிடம் நேர்நின்று, அடியார் துயருற நீர் மட்டும் நலமாக வாழும் என்று எள்ளலாகப் பாடினார். தோழமை தந்த உரிமை அது. விவிலியத்திலும் 88ஆம் சங்கீதம் நன்றியுரை ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது. வைணவத்திலிருந்து வந்து, சைவத் திருமுறையின் பெயரால் தம் காப்பியத்தினிடையே 'தேவாரம்' பாடிய கவிஞருக்கு இவ்வுரிமைக் குரல் அயலானதன்று. இருந்தும் இப்படலத்தில் அதனைக் கூட்டத்தாருக்கே அளிக்கிறார்.

யாத்திரை என்னும் வடிவமே இதற்குக் காரணமாகலாம். பயணி சென்று சேர்ந்தாக வேண்டும். பனியனின் ஐயக் கோட்டையில் அடிபட்டுக் கிடந்தவனுக்கும் இரவெல்லாம் வேண்டியபின் தன் மார்பிலேயே திறவுகோல் இருப்பது நினைவுக்கு வருகிறது. சாட்சி வகைமையின் மூன்றாம் படி இங்கும் உறுதி செய்யப்பட்டுள்ளது. அப்படியில்லாதவர் பாடுகளின் களத்தில் நின்று வான்நோக்கிக் கேட்ட மக்களே. அவர்களுக்குப் பயணமும் இல்லை, திறவுகோலும் இல்லை. கேள்வியைக் கேட்டபின் காப்பியம் அவர்களை அங்கேயே விட்டுச் செல்கிறது.