கல்வி மென்பொருள்களில் தனிமங்களின் அடர்த்தி: அலகுப் பயன்பாடு குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

தனிம வரிசை அட்டவணையைத் திரையில் காட்டும் கல்வி மென்பொருள்கள் ஒவ்வொரு தனிமத்திற்கும் அடர்த்தியை ஓர் எண்ணாகத் தருகின்றன. அடர்த்தி என்பது ஓரலகுப் பருமனில் அடங்கிய நிறை. ஆதலால் அலகின்றி அவ்வெண்ணுக்குப் பொருளில்லை. எல்லாத் தனிமங்களுக்கும் ஒரே அலகை ஒட்டிவிடும் வடிவமைப்பு எத்தகைய பிழைக்கு இடந்தருகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிழையின் தோற்றம்

திண்மம், திரவம் ஆகியவற்றின் அடர்த்தியைக் கிராம்/கன செ.மீ. அலகிலும், வாயுக்களின் அடர்த்தியைக் கிராம்/லிட்டர் அலகிலும் குறிப்பது வேதியியல் நூல்களின் வழக்கம். முன்னது பின்னதைவிட ஆயிரம் மடங்கு பெரியது. இரும்பின் 7.87, ஆக்சிஜனின் 1.429 ஆகிய இரண்டும் ஒரே நிரலில் ஏறி, இரண்டிற்கும் கிராம்/கன செ.மீ. எனத் தலைப்பு அமையுமாயின், ஆக்சிஜன் வாயு நீரைவிடக் கனமானதாகிவிடும். ஹைட்ரஜனின் 0.0899 என்னும் மதிப்பும் அவ்வாறே திரிந்தால், ஒரு லிட்டர் ஹைட்ரஜனின் நிறை 89.9 கிராம் ஆகும். அதே நிலைமைகளில் ஒரு லிட்டர் காற்றின் நிறையோ ஏறத்தாழ 1.29 கிராம். இக்கணக்கின்படி ஹைட்ரஜன் பலூன் மேலே எழ இயலாது.

பிழை மறைந்திருப்பதன் காரணம்

கொதிநிலையில் திரவ ஆக்சிஜனின் அடர்த்தி 1.141 கிராம்/கன செ.மீ.; திரவ ஹைட்ரஜனுடையது 0.071. இவ்வெண்கள் வாயுநிலை எண்களுக்கு அருகில் அமைவதால், தவறான மதிப்பும் நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது. எண்ணை மட்டும் சரிபார்க்கும் ஆசிரியர் கண்ணுக்கு இப்பிழை புலப்படுவதில்லை.

ஓரலகு முறையின் எல்லை

அனைத்தையும் கிராம்/கன செ.மீ. அலகுக்கு மாற்றுவது கோட்பாட்டளவில் சரியே. ஆயினும் இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கும் மென்பொருளில் ஆக்சிஜனின் 0.001429 என்பது 0.00 ஆகிவிடும். அனைத்துலக முறையின் கிலோகிராம்/கன மீட்டர் இவ்விடர்ப்பாட்டை நீக்குகிறது: ஆஸ்மியம் ஏறத்தாழ 22,590, ஆக்சிஜன் 1.429. கிராம்/லிட்டர் மதிப்பும் இவ்வலகின் மதிப்பும் எண்ணளவில் ஒன்றே என்பது கூடுதல் நன்மை.

அலகைத் திருத்துவதோடு பணி நிறைவடையாது. ஆக்சிஜனின் 1.429 என்பது 0° செல்சியஸ், ஒரு வளிமண்டல அழுத்தத்திற்குரியது. 25° செல்சியஸில் அது ஏறத்தாழ 1.31 ஆகக் குறையும். வெப்பநிலையை மாற்றிப் பார்க்கும் வசதியுடைய மென்பொருளில், −183° செல்சியஸுக்குக் கீழே ஆக்சிஜன் திரவமெனக் காட்டப்பட்டும் அடர்த்தி மாறாதிருப்பின் அது முரணாகும்.

முடிவுரை

மதிப்பு, அலகு, நிலை, வெப்பநிலை, அழுத்தம் ஆகிய ஐந்தும் ஒரே தரவுப் பதிவில் இணைந்திருத்தல் வேண்டும். பாடநூற்பிழையை ஆசிரியர் வகுப்பறையில் திருத்திவிடக்கூடும். தனித்துப் பயிலும் மாணவருக்குத் திரையில் தோன்றும் எண்ணே சான்றாக நிற்கிறது. ஆதலின் அலகின் செம்மை, மென்பொருள் மதிப்பீட்டில் முதன்மை அளவுகோல்களுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது.