ஒலித்துணுக்கும் பண்ணறிவும்: கேட்டறிதல் பயிற்சி குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

இசைத்துணுக்கு ஒன்றைச் சில நொடிகள் ஒலிக்கச் செய்து, அஃது எந்த இராகம், எந்தக் கீர்த்தனை என வினவுவது இசை வகுப்புகளிலும் கலை நிகழ்ச்சிகளிலும் விரும்பப்படும் ஒரு பயிற்சியாகும். இதனை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளுவோரும் உளர்; இசையறிவின் அளவுகோல் எனப் போற்றுவோரும் உளர். இவ்விரு கருத்துகளும் முழுமையுடையன அல்ல என்பதே நம் நிலைப்பாடு. விடையாக வரும் பெயரைவிட, அவ்விடைக்குக் கேட்பவர் காட்டும் காரணமே மதிப்பிடத்தக்கது. அவ்வாறு மதிப்பிடும்போதுதான் இப்பயிற்சி தமிழாசிரியர்க்குப் பயன்படும். இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதிவறிவும் பண்ணறிவும்

நம் வகுப்பில் ஒருமுறை நீலாம்பரி ஆலாபனையின் பதினைந்து நொடித் துணுக்கு ஒன்றை ஒலிக்கச் செய்தோம். இசை பயின்ற மாணவி ஒருவர் உடனே பெயரைக் கூறினார். எதனால் அறிந்தீர் என வினவியபோது, அதே பதிவு தம் வீட்டிலும் இருப்பதாகக் கூறினார். இசை பயிலாத மாணவர் ஒருவரோ, “பெயர் தெரியவில்லை ஐயா, எங்கள் பாட்டி தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாடுவது போல் இருக்கிறது” என்றார். நாம் மதிப்பெண்ணை முன்னவர்க்கே அளித்தோம். அம்மதிப்பீடு சரியானதுதானா என்னும் ஐயமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும்.

மேலைநாட்டு உளவியலாளர் இத்துறையை விரிவாக ஆராய்ந்துள்ளனர். கரோல் குரும்ஹான்சல் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், புகழ்பெற்ற ஆங்கிலப் பாடல்களின் 400 மில்லிநொடித் துணுக்குகளைக் கேட்டவர்கள், நான்கில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டவற்றில் பாடியவரையும் பாடலையும் சரியாகக் கூறினர். அரை நொடிக்கும் குறைவான அந்த நேரத்தில் மெட்டு விரிவதற்கு இடமில்லை. குரலின் நிறம், கருவிகளின் சேர்க்கை, பதிவின் தன்மை ஆகியனவே அங்கு அடையாளமாகின்றன. 2002ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான ஷசாம் என்னும் கைப்பேசிச் சேவையும் ஒலியின் உச்சப்புள்ளிகளைத் தன் சேமிப்பிலுள்ள பதிவுகளோடு ஒப்பிட்டே பாடலைக் கண்டறிகிறது. இதனைப் பதிவறிவு எனலாம்.

பண்ணறிவு இதனின் வேறானது. கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயில் போன்றதொரு திருத்தலத்தில் நாகசுரக் கலைஞர் ஒருவர் அன்று புதிதாக விரிக்கும் ஆலாபனை எந்தச் சேமிப்பிலும் இராது. ஆயினும் பழகிய செவியுடையார் ஓரிரு பிடிகளிலேயே இது தோடி, இது கல்யாணி என உணர்வர். முன்பு கேட்ட ஒன்றை நினைவுகூர்தல் பதிவறிவு. முன்பு கேளாத ஒன்றிலும் அதன் இயல்பை இனங்காணுதல் பண்ணறிவு. நம் மாணவி காட்டியது முன்னது; மாணவர் காட்டியது பின்னதன் தொடக்கம்.

துணுக்கின் எல்லைகள்

துணுக்கைத் தேர்வதிலும் சில குறைபாடுகள் நேர்கின்றன. முதலாவது, சுருதி நீங்கிய துணுக்காகும். மோகனத்தின் ஐந்து சுரங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் ரிஷபத்தை ஆதார சட்ஜமாகக் கொண்டால் மத்தியமாவதி பிறக்கிறது. காந்தாரத்தைக் கொண்டால் இந்தோளமும், பஞ்சமத்தைக் கொண்டால் சுத்தசாவேரியும், தைவதத்தைக் கொண்டால் சுத்ததன்யாசியும் பிறக்கின்றன. தம்பூரா ஒலி இல்லாத சில நொடித் துணுக்கில் ஆதார சுருதி எதுவெனத் துணிய இயலாதபோது, மாணவர் கூறும் ‘தவறான’ விடை இலக்கணப்படி பொருந்துவதாகவும் அமையக்கூடும். இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. குரலை இடம் மாற்றிப் பாலைகளைப் பிறப்பிக்கும் மரபு சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் பேசப்படுவது ஈண்டு நினைக்கத்தக்கது. முல்லைப்பண்ணை மோகனமாக ஆய்வாளர் பலர் கொள்வதும் அறியத்தக்கது.

இரண்டாவது, சுரங்கள் ஒத்திருந்தும் இராகம் வேறுபடும் இடமாகும். ஆரபியும் தேவகாந்தாரியும் சங்கராபரண மேளத்தில் பிறந்தவை. ஆரோகண அவரோகணங்களிலும் பெரிதும் ஒத்தவை. ஆயினும் ஆரபியில் காந்தாரமும் நிஷாதமும் தொட்டும் தொடாமலும் விரைந்து கடக்கின்றன. தேவகாந்தாரியிலோ அசைவுகள் நீண்டு, நடை தாழ்கிறது. இவ்வேறுபாடு சுரப்பட்டியலில் இல்லை, நடையில் உள்ளது. நடை வெளிப்படும் அளவிற்கு நீளமில்லாத துணுக்கைக் கொடுத்துப் பெயரைக் கேட்பது, சொல்லின் முதலெழுத்தை மட்டும் காட்டிப் பொருள் கேட்பதற்கு ஒப்பாகும்.

செவியின் வளர்ப்பு

விடையில் நேரும் பிழையும் ஒரு சான்றே. எந்தச் செவி எவ்வாறு வளர்ந்தது என்பதை அது காட்டுகிறது. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நடப்பவரின் செவியில் கடைதோறும் திரைப்பாடல் விழுகிறது. அப்பகுதியிலேயே யாழ்ப்பாணத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும், 1981இல் தொடங்கப்பட்ட டெம்பிள் ஆப் ஃபைன் ஆர்ட்ஸ் கலை நிறுவனமும் உள்ளன. இல்லங்களில் மின்னல் எப்.எம். ஒலிக்கிறது. இத்தகைய சூழலில் வளர்ந்த மாணவர் ஓர் இராகத்தைத் திரைப்பாடலின் வழியே இனங்காண்பது இழுக்காகாது. முந்தைய தலைமுறையினரும் பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடிய இசைத்தட்டுகளின் வழியாக இராகங்களை அறிந்தவர்களே. துணுக்கின் வழிக் கேட்டல் நம் காலத்தில் தோன்றியதன்று.

திருமுறையும் தமிழாசிரியரும்

இப்பயிற்சி தமிழ்க் கல்விக்கு எவ்வகையில் தொடர்புடையது என வினவலாம். தேவாரத்தின் முதல் மூன்று திருமுறைகள் பண்முறையில் வகுக்கப்பட்டவை. பதிகத்தின் தலைப்பில் பண்ணின் பெயர் அச்சிடப்பட்டுள்ளது. நாமோ வகுப்பறையில் அத்தலைப்பைக் கடந்து சொற்பொருளுக்குச் சென்றுவிடுகிறோம். மேகராகக்குறிஞ்சி என்னும் பெயரை மனனம் செய்யும் மாணவர், ஓதுவார் மரபில் அஃது இன்று நீலாம்பரியாகப் பாடப்படுவதைக் கேட்டறிவதில்லை. புறநீர்மை பூபாளமாகவும், பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும், செந்துருத்தி மத்தியமாவதியாகவும் பாடப்படுவதும் இத்தகையதே. தொட்டில் பாட்டை நினைவுகூர்ந்த அம்மாணவர், தம்மை அறியாமலேயே மேகராகக்குறிஞ்சியின் வாயிலில் நின்றார். நாமே அவரை உள்ளே அழைக்கத் தவறினோம்.

நம்பியாண்டார் நம்பி திருமுறைகளைத் தொகுத்தபோது, அவற்றின் பண்களை அறியத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரை நாடியதாகத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. ஏடு கிடைத்தபின்னும் பண்ணுக்குச் செவிமரபே சான்றாயிற்று என்பதே இச்செய்தியின் உட்பொருள். நம் நாட்டில் மலேசிய இந்து சங்கம் நடத்திவரும் திருமுறை ஓதும் விழாவின் வாயிலாகப் பதிகங்களைப் பண்ணோடு பாடப் பழகிய பிள்ளைகள் பலர் நம் வகுப்புகளுக்கு வருகின்றனர். அவர்தம் வாயில் பண் உள்ளது. ஏட்டில் அதன் பெயர் உள்ளது. இவ்விரண்டையும் இணைப்பது ஆசிரியரின் கடமையாகும்.

முடிவுரை

கேட்டறிதல் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. திருத்தி அமைத்தல் வேண்டும். துணுக்கில் சுருதி ஒலித்தல் வேண்டும். இராகத்தின் நடை புலப்படும் அளவு நீளம் வேண்டும். ஒரே இராகத்தை வெவ்வேறு குரலிலும் கருவியிலும் கேட்பித்தல் வேண்டும். அப்போது பதிவறிவு விலகிப் பண்ணறிவு வெளிப்படும். எல்லாவற்றிற்கும் மேலாக, ‘இதன் பெயர் என்ன?’ என்னும் வினாவை அடுத்து ‘எதனால் அறிந்தீர்?’ என்னும் வினா இடம்பெறுதல் வேண்டும். தாலாட்டு எனினும், திரைப்பாடல் எனினும், கோயிலில் கேட்டது எனினும், அவ்விடையிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். பண்ணின் பெயரை ஒரு வகுப்பில் கற்பித்துவிடலாம். பாட்டி தந்த செவியை எந்த வகுப்பாலும் தர இயலாது.