கார்பனே இல்லாத சாண்ட்விச்

வெண்பாஸ்பரஸைத் தண்ணீருக்குள்தான் வைத்திருப்பார்கள். காற்றுப் பட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். நான்கு அணுக்கள் 60 பாகைக் கோணத்தில் நெருக்கியடித்து நிற்கும் நான்முகி அது. அந்த இறுக்கமே அதன் முன்கோபத்துக்குக் காரணம். இந்தப் பொருளிலிருந்து சாதுவான வளையம் செய்துகாட்டிய கைவேலையைத்தான் இங்கே ரசிக்கப் போகிறோம்.

கதை பெரோசீனில் தொடங்குகிறது. இரண்டு கார்பன் ஐங்கோணங்கள், நடுவே ஓர் இரும்பு அணு, சாண்ட்விச் போல. 1951-இல் வெளிவந்த இந்த ஆரஞ்சுப் படிகம் 400 பாகை செல்சியஸ் வரை தாங்கும். அதன் வளையத்தில் ஒவ்வொரு கார்பனும் தன் ஹைட்ரஜனோடு நிற்கும் இடத்தில் ஒரு பாஸ்பரஸ் அணு உட்கார முடியும். எலக்ட்ரான் கணக்கு கெடாது. பிரான்சின் வேதியியலாளர் மதே 1977-இல் ஓர் இடத்தை மாற்றினார்.

ஐந்து இடங்களையும் மாற்றியவர் ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் நகரத்து ஓட்டோ ஷெரர். ஆண்டு 1987. ஐந்து மெத்தில்கள் சூழ்ந்த கார்பன் வளையம் தாங்கிய இரும்புக் கார்பனைலை வெண்பாஸ்பரஸோடு சேர்த்துச் சூடாக்கினார். கார்பன் மோனாக்சைடு வெளியேற, அந்த இடத்தில் பாஸ்பரஸ் ஐங்கோணம் வந்தமர்ந்தது. நான்முகியில் இருப்பதோ நான்கு அணு, வளையத்தில் ஐந்து! உடைந்து, ஒட்டி, மறுபடி உடைந்து சேர்ந்தது அது. செய்முறை முரட்டுத்தனம்தான், விளைச்சலும் குறைவு. ஆனால் கிடைத்த பச்சைப் படிகத்தைப் பாருங்கள். பாஸ்பரஸ்களுக்கு இடையிலான தூரம் சுமார் 2.12 ஆங்ஸ்ட்ராம், ஒற்றைப் பிணைப்பின் 2.2-க்கும் இரட்டைப் பிணைப்பின் 2.0-க்கும் நடுவே. பாஸ்பரஸ் என்.எம்.ஆரில் ஒரே ஒரு கோடு. ஐந்தும் சமம், யாரும் மூத்தவரில்லை.

அதே ஆண்டில் கொலோனில் மரியன்னா பாட்லர் இதே வளையத்தை உலோகமே இல்லாமல் அயனியாகப் பிடித்தார். ஆனால் நீர்த்த கரைசலில் மட்டுமே அது நிலைத்தது. உலோகம் இருந்தால்தான் அதற்கு நிம்மதி. உலோகம் தன் எலக்ட்ரான்களை வளையத்தின் காலி ஆர்பிட்டால்களுக்குத் திருப்பித் தருகிறது. கொடுப்பதைவிட வாங்கிக்கொள்வதில்தான் பாஸ்பரஸ் வளையம் கெட்டி.

2002-இல் மினசோட்டாவின் ஜான் எல்லிஸ் குழு இன்னும் துணிந்தது. இரண்டு நாப்தலீன்களுக்கு (ஆம், அந்துருண்டைச் சரக்கேதான்) நடுவே இருந்த டைட்டானியத்தை வெண்பாஸ்பரஸோடு வினைப்படுத்த, மேலும் கீழும் பாஸ்பரஸ் வளையங்களே அமைந்தன. கார்பன் துளியும் இல்லாத முதல் மெட்டலோசீன், அதாவது பெரோசீன் வகைச் சாண்ட்விச். பதினெட்டு எலக்ட்ரான் வேண்டும் என்பது பாடப்புத்தக விதி, இதில் பதினாறுதான். இரண்டு எதிர்மின்சுமை வேறு. அப்படியும் காற்றுக்கும் ஈரத்துக்கும் அசையவில்லை.

சாதனை என்றால் டைட்டானியம்தான். ஆனாலும் என் ஓட்டு ஷெரரின் பச்சைப் படிகத்துக்கே. பழைய வளையமும் புதிய வளையமும் ஒரே இரும்பின் இருபுறமும் நிற்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடலாம். தவிர, அதன் பாஸ்பரஸ்களுக்கு வெளிப்பக்கம் இணை எலக்ட்ரான்கள் மிச்சமிருக்கின்றன. 2003-இல் கார்ல்ஸ்ரூவின் மான்ஃப்ரெட் ஷீர் குழு அவற்றில் செம்பு குளோரைடைக் கோத்து, 90 அணுக்கள் கொண்ட ஃபுல்லரீன் போன்ற பந்தையே கட்டிவிட்டது.